நாற்பதில் நிறுத்திய முள்

என் வாழ்க்கையில் ஐந்து கிழமைகள், அதாவது முப்பத்தைந்து நாள், நான் மனித குலத்தின் கைப்பலத்துக்கு அளவுகோலாக இருந்திருக்கிறேன். யாரும் என்னைத் தெரிவு செய்யவில்லை. நானே என்னை நியமித்து, நானே பதவியேற்று, நானே வாழ்த்தும் சொல்லிக்கொண்டேன். பதவி பறிபோன நேரத்தில் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி சிரித்தாள். மற்றவள் என் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

இதில் வெட்கம் இரட்டிப்பாவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த யுத்த காலத்தில் என் தொழிலே தராசு திருத்துவதுதான். கொழும்பு புறக்கோட்டையில் தராசு இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றில் எட்டு வருடம் வேலை செய்திருந்தேன். மின்சாரத் தராசுகள் அப்போதுதான் மொத்தக் கடைகளுக்குள் மெல்ல நுழைந்துகொண்டிருந்தன. பச்சை வெல்வெட் விரித்த மரப்பெட்டியில் முத்திரை குத்திய பித்தளை எடைக்கற்களை வைத்துத் தூக்கிக்கொண்டு கடை கடையாகப் போவேன். தராசின் மேல் கல்லை வைப்பேன். கல் ஐந்து கிலோ என்றால் தராசும் ஐந்து கிலோ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சொல்லும்வரை திருகாணியைத் திருகுவேன். கல்லை வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வை ஒட்டி எடை கூடிவிடும் என்பது எங்கள் மனேஜரின் கட்டளை. கல்தான் எங்களுக்குக் கடவுள்.

செத்தல் மிளகாய் வியாபாரி ஒருவர் இருந்தார், வயதான முஸ்லிம் பெரியவர். நான் திருத்திக் கொடுத்த தராசை அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. சாக்கின் காதைப் பிடித்து ஒரு தரம் தூக்கிவிட்டு, “பதினெட்டரை” என்பார். “எனக்கு இந்தக் கை போதும் மகன். ஒங்கட மெஷினுக்கு கரண்ட் வேணும், இதுக்கு ஒரு ப்ளேன்ரீ போதும்.” நான் தெருவுக்கு வந்ததும் சிரிப்பேன். தன் கையையே எடைக்கல்லாக வைத்திருக்கும் மனிதனைப் பார்த்தால் படித்தவனுக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அவருடைய கையாவது நாற்பது வருடம் சாக்குத் தூக்கிய கை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நானும் அக்காவும் வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். எனக்கு முப்பத்துநாலு வயது, அவளுக்கு நாற்பத்துநாலு. இருவரும் கலியாணம் செய்யவில்லை. அவள் செய்யாததற்கு எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் பல காரணங்கள் சொன்னார்கள். நான் செய்யாததற்கு யாரும் காரணம் தேடவில்லை. அக்கா கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாகத் தாதி. நோயாளிகளைத் தூக்குவது, புரட்டுவது, சாய்த்து உட்காரவைப்பது எல்லாம் அவளுக்கு நான் எடைக்கல் தூக்குவதைவிட இலேசு.

வீட்டில் போத்தல் திறப்பதும் அவள் வேலையாக இருந்தது. இப்படி யாரும் பிரித்துக் கொடுத்ததில்லை, அதுவாக வந்தது. முதலில் நான் முயல்வேன். பிறகு துணி சுற்றி முயல்வேன். பிறகு மூடியை மேசை விளிம்பில் தட்டுவேன். பிறகு மூடி செய்த கம்பனியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்வேன். அக்கா வாசித்துக்கொண்டிருக்கும் பேப்பரைக் கீழே வைக்காமலே கையை நீட்டுவாள். ஒரு திருகு. அவ்வளவுதான்.

அந்தக் கைதான் முறிந்தது.

ஒருநாள் பின்னேரம் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவளின் பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் இது மழை மாதிரி ஒரு விஷயம். எல்லோரும் இறங்க வேண்டும், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும், அந்தப் பக்கம் போய் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். அக்கா இறங்கும்போது மிதிபலகையில் கால் வழுக்கியது. இடது கையில் அடையாள அட்டை. அதை விட்டிருந்தால் இரண்டு கையையும் ஊன்றியிருக்கலாம். அவள் அட்டையை விடவில்லை. முழுப் பாரத்தையும் வலது மணிக்கட்டு வாங்கிக்கொண்டது. விழுந்த இடத்தில் இருந்தபடியே இடது கையால் அட்டையை நீட்டினாளாம். சிப்பாய் அதை வாங்கி ஒழுங்காகப் பார்த்துவிட்டுத்தான் அவளைத் தூக்கிவிட்டான். அக்கா இதைக் குறையாகச் சொல்லவில்லை. “அவன்ர வேலை அது” என்றாள்.

ஆறு கிழமை பிளாஸ்டர். வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது வேறு யாருடையதோ ஒரு கை. மெலிந்து, தோல் உரிந்து, ஒரு தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால் கோப்பையும் கையும் சேர்ந்து நடுங்கின.

கொட்டாஞ்சேனையில் தாதிகளுக்குத் தலைவியான மேட்ரன் கறாரான மனுஷி. இடத்தை மூன்று மாதம் வைத்திருப்பேன், அதற்குள் வலது கையின் பிடிபலம் இருபது கிலோ வந்துவிட்டது என்று அரசாங்க ஆஸ்பத்திரியின் தெரப்பி பகுதியில் இருந்து கடிதம் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார். பிளாஸ்டர் வெட்டிய நாளில் ஏழு கிழமை மிச்சம்.

வேலை போனால் அக்காவுக்கு என்ன நடக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. கனடாவில் எங்கள் அண்ணன் இருந்தார். அக்கா விழுந்த செய்தி கேட்டதில் இருந்து கிழமைக்கு ஒரு தரம், கீழ்வீட்டுக்காரரின் ரெலிபோனில் வந்துகொண்டிருந்தார்.

“அங்க இருந்து என்ன செய்யப்போறாய்? நான் ஸ்பொன்சர் பண்ணுறன். இஞ்ச வந்து பேசாமல் இரு.”

பேசாமல் இருப்பது என்றால் என்ன என்பது அக்காவுக்குத் தெரியும். அண்ணனும் அண்ணியும் இரண்டு வேலைக்கு ஓட, நிலவறையில் இருந்துகொண்டு மூன்று பிள்ளைகளைப் பார்ப்பது, ஜன்னலால் பனியைப் பார்ப்பது, நன்றியோடு இருப்பது. “சம்பளத்துக்கு ஆக்களைப் பாத்தனான். சும்மா பாக்கிறதுக்கு எனக்கு இன்னும் வயசாகேல்லை” என்றாள் என்னிடம். அண்ணனிடம் மட்டும், “கை சரிவரட்டும் அண்ணை, பாப்பம்” என்றாள்.

ஆக, எல்லாம் ஒரு எண்ணில் தொங்கியது. இருபது வந்தால் கொட்டாஞ்சேனை. வராவிட்டால் கனடா.

அரசாங்க ஆஸ்பத்திரியின் தெரப்பி பகுதியில் ஒரு முஸ்லிம் இளம்பெண் இருந்தாள். எல்லோரும் ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள். அவள் அலுமாரியைத் திறந்து, கறுப்புப் பெட்டியில் இருந்து ஒரு இரும்புப் பிடியை எடுத்தாள். தலையில் மணிக்கூடு மாதிரி வட்டமுகம். நெருக்கினால் முள் ஏறும். விட்டாலும் ஏறிய இடத்திலேயே இன்னொரு முள் நிற்கும், நோயாளி பொய் சொல்ல முடியாதபடி. அந்த ஆஸ்பத்திரிக்கு அது ஒன்றுதான்.

“முழங்கைய ஒடம்போட ஒட்டி வைங்க சிஸ்டர். ஆ, இப்ப நல்லா நெருக்குங்க. வலி ஈக்குதா?”

“இருக்கு. நீங்கள் எண்ணைச் சொல்லுங்கோ.”

“ஏழு.”

பஞ்சுப் பந்து, களிமண் உருண்டை, ஈரத் துவாய் பிழிதல் என்று ஒரு பட்டியல் கொடுத்தாள். களிமண்தான் முக்கியம், வலித்தாலும் விடக்கூடாது என்றாள். அளப்பது பதினைந்து நாளுக்கு ஒரு தரம்.

வீட்டுப் படியேறும்போது அக்கா, “பத்தொன்பது வருஷமா நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காச் சனத்துக்குக் காய்ச்சல் பாத்து எழுதினனான். என்ர கைக்குப் பதினைஞ்சு நாளைக்கு ஒருக்காவாம்” என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். “நான் ஒண்டு செய்து தாறன் அக்கா.”

மின்சாரத் தராசின் வயிற்றுக்குள் விரல் நீளத்தில் ஒரு அலுமினியக் கட்டை இருக்கும். அதுதான் உணரி. நாங்கள் ‘லோட் செல்’ என்போம். அதன் மேல் பாரம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். வளைவதை அதன் மேல் ஒட்டிய மெல்லிய தகடு உணர்ந்து, நாலு கம்பிகளின் வழியாகச் சின்ன மின்சாரமாகச் சொல்லும். அது மிளகாயா, மனிதக் கையா என்று அதற்குத் தெரியாது. கம்பனியில் கழித்துப்போட்ட தராசு ஒன்றில் நல்ல உணரி ஒன்று கிடந்தது. மனேஜரிடம் கேட்டேன். அவர் தந்தார், அதோடு, எனக்கே தோன்றாத புத்தியாக, கம்பனிக் கடதாசியில் சிங்களத்தில் ஒரு கடிதமும் அடித்துத் தந்தார். இது தராசின் பகுதி, கொண்டுபோகிறவர் எங்கள் ஊழியர்.

கடிதம் தேவைப்பட்டது. கொள்ளுப்பிட்டி தாண்டி பஸ்ஸை மறித்தார்கள். என் பைக்குள் சாப்பாட்டுப் பெட்டிக்கும் குடைக்கும் நடுவில் ஒரு உலோகக் கட்டை, அதில் இருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளைக் கம்பிகள், பக்கத்தில் ஒரு பற்றரி. பற்றரியைத் தனியாக வெள்ளவத்தையிலேயே வாங்கியிருக்கலாம். நான் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்கி முடிக்கும் ஒழுங்கான மனிதன்.

“மே மொகக்த?” இது என்ன என்று கேட்டான் பையைச் சோதித்த இராணுவக் கோப்ரல். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தராதியக கேல்லக் சேர்.” தராசின் ஒரு துண்டு. கடிதத்தை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தான். வீட்டுக்கு ஏன் தராசு என்று கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் உணரியை விளக்க முடியாது. “அக்காகே அத்த கெடுணா” என்றேன். அக்காவின் கை முறிந்துவிட்டது. தராசுக்கும் அக்காவின் கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். என் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு மோசமான பொய்யை யாரும் தயாரித்துக்கொண்டு வரமாட்டார்கள் என்று முடிவு செய்திருக்க வேண்டும். பையைத் திருப்பித் தந்து, விரலை ஆட்டிச் சொன்னான்: “ஆயே கேன்ன எபா.” இனி இப்படியானவற்றைக் கொண்டு வராதே.

இனிக் கொண்டுவர மாட்டேன் என்று கோப்ரலுக்கு மட்டுமல்ல, எனக்கும் சத்தியம் செய்துகொண்டேன்.

மூன்று நாளில் கருவி தயார். உணரியின் இரண்டு பக்கமும் அலுமினியத் தண்டுகள், அவற்றின் மேல் சைக்கிள் ஹாண்டிலின் றப்பர். செத்துப்போன மீற்றர் ஒன்றின் முள். வெள்ளைக் கடதாசியில் பூச்சியத்தில் இருந்து ஐம்பதுவரை நானே கோடு கீறினேன். நெருக்கினால் முள் அழகாக ஏறியது. ஆனால் ஏறி நிற்கும் இடம் எத்தனை கிலோ? அதைச் சொல்ல ஒரு எடைக்கல் வேண்டும். எடைக்கற்கள் புறக்கோட்டையில், பச்சை வெல்வெட்டில். பித்தளைக் கட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு அதே கோப்ரலின் முன்னால் போய் நின்று, அக்காவின் மற்றக் கையும் முறிந்துவிட்டது என்று சொல்வதா?

அக்கா குசினியில் இருந்து, “அரிசிப் பை இருக்கு. கட்டித் தூக்கிப் பாரன்” என்றாள்.

“அது வேற அக்கா. தொங்கிற பாரமும் நெருக்கிற பாரமும் ஒண்டில்லை.”

இப்படிச் சொன்னதற்கு விஞ்ஞானத்தில் எந்த ஆதாரமும் இல்லை. உண்மை என்னவென்றால், நான் அதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒரு கருவி மனிதக் கையை அளக்க வேண்டுமானால், ஆரோக்கியமான ஒரு மனிதக் கையை வைத்தே அதைச் சரிபார்ப்பதுதான் இயற்கை. ஆரோக்கியமான ஒரு மனிதக் கை வீட்டிலேயே இருந்தது. முப்பத்துநாலு வயது, நோய்நொடி இல்லை, எடைக்கல் பெட்டி தூக்கும் கை. அப்படிப்பட்ட கைக்கு நாற்பது கிலோ என்றால் யாரும் குறை சொல்ல முடியாது என்று பட்டது. முப்பத்தைந்து கஞ்சத்தனமாக இருந்தது. நாற்பத்தைந்து தற்பெருமையாக இருந்தது. எனவே நடுநிலையோடு நாற்பது.

பல்லைக் கடித்துக்கொண்டு நெருக்கினேன். முள் ஒரு இடத்தில் நின்றது. மற்றக் கையால் திருகாணியைத் திருகி, அந்த முள்ளை நாற்பதில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

தொழிலில் நான் எத்தனை கடைக்காரர்களைப் பிடித்திருக்கிறேன், தராசை இதே மாதிரி வசதியான இடத்தில் நிறுத்தியதற்காக.

அக்கா அன்று நெருக்கியபோது பன்னிரண்டு காட்டியது. ஐந்து நாளைக்கு முன்னர் ஏழு. “அஞ்சு கூடியிருக்கு!” என்று இருவரும் சேர்ந்து கத்தினோம். கீழ்வீட்டுக்காரர் என்ன ஏதென்று படியேறி வந்தார். அவரையும் நெருக்கச் சொன்னோம். அறுபத்தைந்து வயது, ஓய்வுபெற்ற தபாலதிபர். முள் ஐம்பதைத் தாண்டி மூலையில் போய் இடித்தது. “முத்திரை குத்தின கை தம்பி” என்றார் அவர். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். தபால் சேவையில் அசாதாரணமான மனிதர்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாவது நாள் தெரப்பிக்குப் போனபோது வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். வடக்கில் இருந்து காயப்பட்டவர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள், இன்றைக்குக் கிளினிக் இல்லை. வரிசையில் நின்ற எல்லோரும் கலைந்தோம். அடுத்த கிழமை வரச்சொன்ன நாளில் அக்காவே போகவில்லை. “வீட்டில மெஷின் இருக்கேக்க விடிய நாலு மணிக்குப் போய் வரிசையில நிக்கவோ?” வீட்டு முள் அப்போது பதினெட்டில் நின்றது. நாலு நாள் கழித்து இருபது. களிமண் உருண்டை மெல்ல மெல்ல ஜன்னல் ஓரத்துக்குப் போய், காய்ந்து வெடித்தது. வலிக்கிற வேலை அது. இருபது வந்தபிறகு எதற்கு?

இருபத்திரண்டு வந்த அன்று அக்கா கனடாவுக்குக் கடிதம் எழுதினாள். வலது கையாலேயே எழுதினாள், எழுத்துக் கொஞ்சம் சரிந்திருந்தது. என் கை இப்போது இருபத்திரண்டு, நான் வரவில்லை, என்னை எதிர்பார்க்க வேண்டாம். அண்ணன் ரெலிபோன் எடுத்து, “இருபத்திரண்டு என்னது? பாகையோ?” என்று கேட்டார். அக்கா சிரித்த சிரிப்பு மாடிவரை கேட்டது.

கடிதம் வாங்குவதற்காகத் தெரப்பிக்குப் போனபோது மேட்ரன் தந்த தவணை முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. நானும் போனேன், என் கருவியை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு. மிஸ்ஸுக்குக் காட்டினால் ஆஸ்பத்திரிக்கும் இன்னொன்று செய்து தரச்சொல்லிக் கேட்பாள் என்று ஒரு எண்ணம். மறுப்பதற்குப் பணிவான வசனம்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

மிஸ் கறுப்புப் பெட்டியைத் திறந்தாள். அக்கா முழங்கையை ஒட்டி வைத்து, நிமிர்ந்து இருந்து, நெருக்கினாள்.

“பதிமூணு.”

அக்கா முள்ளைப் பார்த்தாள். “இன்னொருக்கா.”

பதின்மூன்று. மூன்றாம் தரம் பன்னிரண்டரை.

“மிஸ், உங்கட மெஷினை ஆரும் சரிபாத்து எத்தினை காலம்?” என்றேன். தொழில்காரனின் குரலில் கேட்டேன். “இதுகள் ஸ்பிரிங் தளர்ந்துபோகும். நான் இந்த வேலையிலதான் இருக்கிறன்.”

“போன மாசந்தான் கல்லு தொங்கவிட்டுப் பாத்த. நீங்க புடிங்க பாப்போம்.”

பிடித்தேன். கண் இருட்டும்வரை பிடித்தேன். இருபத்துநாலு.

மிஸ் முள்ளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சப்பாத்துப் பெட்டியைப் பார்த்தாள். “ஒங்கட மெஷின்ல நீங்க எத்தன?”

“நாற்பது.”

“அத என்னத்த வெச்சி செட் பண்ணின?”

அந்த அறையில் மின்விசிறி ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சிப்பாய், கால் இல்லாத சின்னப் பெடியன், பந்தை நெருக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். நான் என் வலது கையைத் தூக்கிக் காட்டினேன்.

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல பிள்ளை, அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. அக்கா தன் கையை மடியில் வைத்து, அது யாரோ விட்டுப்போன பொருள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செய்த அடுத்த காரியம் முதல் காரியத்தைவிடக் கேவலமானது. மிஸ்ஸைத் தனியே கூப்பிட்டு, “இருபது எண்டு எழுதித் தாங்கோ, மிச்சம் ஒரு மாசத்தில வந்திடும்” என்று மெதுவாகச் சொன்னேன். என் மெதுவான குரல் எப்போதும் எல்லோருக்கும் கேட்கும்.

“தம்பி, வாயை மூடு” என்றாள் அக்கா. “நாளைக்கு நான் ஒரு கிழவனைக் கட்டில்ல இருந்து தூக்கேக்க அந்தக் கடிதமே வந்து மற்றப் பக்கம் பிடிக்கும்?”

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்தேன். அந்தக் காலத்தில் இரண்டு பக்கத்து வானொலிகளும் நாள்தோறும் செத்தவர்களின் எண்கள் சொல்லும்: எங்களில் இத்தனை, அவர்களில் இத்தனை. இரண்டையும் கேட்டு ஏளனமாகச் சிரிக்கும் படித்த கூட்டத்தில் நானும் ஒருவன். அவரவர் தங்கள் கையை வைத்தே முள்ளை நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. விளங்கியவன், தன் வீட்டில் இருந்த முள்ளை நிறுத்தியது யார் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பொய் சொல்லவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நான் சராசரி மனிதன் என்று நம்பினேன், அவ்வளவுதான். அக்கா அந்த நம்பிக்கையை நம்பி, களிமண்ணைக் காயவிட்டாள். கனடாவுக்குக் கதவைச் சாத்திக் கடிதம் போட்டாள். இப்போது வேலையும் இல்லாமல், கனடாவும் இல்லாமல் அவள் நிற்கப்போவது என்னால்.

அன்று பின்னேரமே கருவியைத் திருத்தினேன். எடைக்கல் தேவைப்படவில்லை. ஒரு லீற்றர் சோடாப் போத்தல், ஒரு வாளி, குழாயில் தண்ணீர். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ என்பது எட்டாம் வகுப்புப் பாடம். வாளியை உணரியில் தொங்கவிட்டு, போத்தல் போத்தலாக ஊற்றி, கோடுகளைப் புதிதாகக் கீறினேன். முழுவதற்கும் அரை மணித்தியாலம். அக்கா கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தொங்குகிற பாரத்தைப் பற்றியும் நெருக்குகிற பாரத்தைப் பற்றியும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த பத்து நாளும் எங்கள் வீட்டில் பிழியப்படாமல் தப்பிய துணி இல்லை. துவாய், சாரம், படுக்கை விரிப்பு, கீழ்வீட்டுக்காரரின் ஜன்னல் திரைச்சேலை. புதுக் களிமண் வந்தது. காலையில் நூறு தரம், பின்னேரம் நூறு தரம். வலியில் அக்காவின் மேலுதட்டில் வியர்வை பூக்கும், நிறுத்த மாட்டாள். நானும் பக்கத்தில் இருந்து ஒரு உருண்டையைப் பிசைந்தேன். துணைக்கு என்று சொன்னேன். இருபத்துநாலு என்ற எண் எனக்குள் இருந்து அரித்தது என்பதுதான் உண்மை. பதினான்கு. பதினைந்து. இரண்டு நாள் பதினைந்திலேயே நின்றது. ஒருநாள் பதினான்குக்கு இறங்கியபோது அவள் கருவியை மேசையில் வைத்துவிட்டு, கடல் பக்கம் போய் நின்றாள். பேச என்னிடம் இருந்த ஒரே விஷயம் ஒரு மன்னிப்பு. அதை ஏற்கெனவே மூன்று தரம் சொல்லியிருந்தேன்.

கடைசி நாள் மிஸ்ஸின் கருவி சொன்னது பதினேழு. என் கருவியும் பதினேழு. வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டும் ஒத்துப்போயின, எங்களுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லாமல். மிஸ் பதினேழு என்றே எழுதிக் கொடுத்தாள்.

நான் கொட்டாஞ்சேனைக்குக் கூடப் போய், கேற்றுக்கு வெளியே நின்றேன். அக்கா உள்ளே போய் இருபது நிமிடத்தில் வந்தாள். நடந்ததை பஸ் தரிப்பிடத்தில்தான் சொன்னாள். மேட்ரன் கடிதத்தை வாசித்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து நாலைந்து பழைய கடிதங்களை எடுத்துப் போட்டாராம்.

“பாருங்க சிஸ்டர். கை ஒடஞ்சவங்க, தோள் வெலகினவங்க, எல்லாருக்கும் சரியா இருபது. பத்தொம்பதும் இல்ல, இருபத்தொண்ணும் இல்ல. நான் கேட்ட எண்ணையே எழுதிக் கொண்டாந்து குடுக்கறாங்க. பதினேழுன்னு ஒரு கடிதம் இப்பதான் பாக்கறேன்.” பிறகு கண்ணாடியைக் கழற்றினாராம். “பிரசவ வார்டுக்குப் போங்க. அங்க தூக்குற ஆளுங்க மூணு, மூணரைக் கிலோதான். இருபது வந்ததும் பழைய வார்டு.”

இருபது இரண்டு மாதத்தில் வந்தது. அக்கா பழைய வார்டைக் கேட்கவில்லை. அதன்பின் ஓய்வுபெறும்வரை பிரசவ வார்டுதான். என் கருவியைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் கொடுத்தேன். வெளி நோயாளிகளுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள் என்று கேள்வி. கொடுப்பதற்கு முன் தன் கையால் கல் தொங்கவிட்டுப் பார்த்தாள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. மிளகாய்ப் பெரியவரின் கடையில் ஒருநாள் அவர் தூக்கிப் பார்த்து “பதினேழேகால்” என்ற சாக்கைத் தராசில் வைத்தேன். பதினேழேகால். அன்றில் இருந்து அவர் கடையைத் தாண்டும்போது நான் சிரிப்பதில்லை.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை எழுதும்போது எனக்கு ஒரு தத்துவம் தோன்றியது. என் கருவி சரியான எண்ணைச் சொல்லியிருந்தால், எட்டு, ஒன்பது, பத்து என்று ஊர்ந்த அந்த நாட்களில் அக்கா மனம் தளர்ந்து, அண்ணனுக்கு ஓம் சொல்லியிருக்கக்கூடும். பொய்யான இருபத்திரண்டுதான் அவளுக்கு அந்தக் கடிதத்தை எழுதும் துணிவைக் கொடுத்தது. கதவைச் சாத்தியபிறகு உண்மையான பதினேழுக்கு உழைப்பதைத் தவிர வழியில்லை. ஆக, ஒரு பிழையான அளவு ஒரு மனுஷியை அவளுடைய இடத்திலேயே நிறுத்தியிருக்கிறது. சில வேளைகளில் மனிதருக்கு உண்மைக்கு முன்னால் கொஞ்சம் பொய் தேவைப்படுகிறது. இதை நன்றாக எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. பேப்பரைக் கீழே வைக்காமல் கடைசிவரை கேட்டாள்.

“விசர்க் கதை கதையாதை” என்றாள். “உன்ர மெஷின் ஏழு எண்டு காட்டியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன். நான் போனால் உனக்கு ஊறுகாய்ப் போத்தல் ஆர் திறந்து தாறது?”